ஃபுல் நைட் என்று சொல்லிவிட்டுப் போன இரவு

சிவப்புத் துணியில் ஒரு கித்தாரின் கழுத்து. அதன் மேல் வெள்ளைப் பறவை ஒன்று. 1995-இல் காதர்பேட்டையில் நான் செக்கிங் வேலை பார்த்த கம்பெனிக்கு, பிரிண்டிங் போய்த் திரும்பிய டி-ஷர்ட் பண்டல் ஒன்றில் அந்தப் படம் வந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. பறவையின் வால்பக்கம் பெயின்ட் கசிந்திருந்தால் அது டேமேஜ். கசியாமலிருந்தால் கழுத்துப்பட்டியில் பிசிறு வெட்டி, மடித்து, அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு பறவைகளைத் தடவிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஓரத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அது ஒரு ஊரின் பெயரா, கம்பெனியின் பெயரா என்று தெரியவில்லை. கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "பீஸைப் பாரும்மா" என்றார்.

அது உட்ஸ்டாக் என்ற இசைவிழாவின் சுவரொட்டிப் படம் என்பது பல வருடங்களுக்குப் பிறகு, கல்லூரிக்குப் போன என் மகள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்தப் பண்டல் வந்த வாரத்தில்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு திறந்தவெளி மைதானத்தில் விடிய விடியப் பாட்டுக் கேட்டேன். எங்கள் ஊரில் அதற்குக் கலை இரவு என்று பெயர்.

பெண்கள் வரலாறு எழுதும்போது நாம் பெரும்பாலும் வேலையை எழுதுகிறோம், போராட்டத்தை எழுதுகிறோம், அடியையும் வலியையும் எழுதுகிறோம். வேலையில்லாமல், காரணமில்லாமல், மகிழ்ச்சிக்காக ஒரு பெண் வெளியே இருந்த நேரத்தை அதிகம் எழுதியதில்லை. இந்தக் கட்டுரை அப்படி ஒரு இரவைப் பற்றியது.

மேடை எங்கிருந்து வந்தது

விடிய விடியக் கலை பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. தெருக்கூத்தும் வள்ளி திருமண நாடகமும் இரவுக்கானவை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். பாயும் தலையணையும் கைக்குழந்தையுமாகப் பெண்கள் அதற்குப் போனார்கள். ஆனால் அது சாமியின் பெயரால் கிடைத்த அனுமதி. எந்தத் தெருப் பெண் எங்கே உட்காரலாம், யார் எல்லைக்கு வெளியிலேயே நின்று கேட்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்த இரவு அது.

மேடையில் ஏறிய பெண்ணுக்கு வேறு விதி. கரூரை அடுத்த கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையில் இரவெல்லாம் பாடி வளர்ந்தவர். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார், பிறகு சட்ட மேலவைக்குப் போனார். அவர் பாட்டுக்கு ஊர் மயங்கியது. அதே ஊர் தன் வீட்டுப் பெண்ணை நாடகத்துக்கு அனுப்பியிருக்காது. இரவில் பாடும் பெண்ணைக் கொண்டாடிக்கொண்டே இழிவாகவும் பேச நம் சமூகத்துக்குத் தெரியும்.

கலை இரவு வேறு வழியில் வந்தது. 1975-இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பிறகு பல அமைப்புகளும் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன. உண்டியல் குலுக்கிக் காசு சேர்ப்பார்கள். மைதானத்திலோ நாற்சந்தியிலோ மேடை போடுவார்கள். கட்டணம் கிடையாது. தப்பாட்டம், ஒயிலாட்டம், வீதிநாடகம், பாட்டு, கவிதை, பேச்சு என்று ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பால்காரர் மணி அடிக்கும்வரை நடக்கும். கரிசல்குயில் கிருஷ்ணசாமி, திருவுடையான், புதுகை பூபாளம், பிரளயனின் சென்னை கலைக்குழு என்று அந்த மேடைகளால் அறியப்பட்டவர்கள் பலர். நாட்டுப்புறப் பாட்டைச் சாதி இழிவிலிருந்து மீட்டு அரங்கத்துக்குக் கொண்டுவந்த கே.ஏ. குணசேகரனின் உழைப்பு இதற்கெல்லாம் முன்னோடி. சபாக்களின் கச்சேரிக்கும் சினிமாக் குத்துப்பாட்டுக்கும் வெளியே ஒரு மூன்றாவது பாட்டு இருந்தது என்றால் அது இங்கேதான் இருந்தது. மேலை நாட்டார் எதிர்ப்பண்பாடு என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் எங்கள் ஊர் வடிவம் இது.

மேலே எழுதிய பெயர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஆண்களின் பெயர்கள், ஆண்கள் நடத்திய குழுக்களின் பெயர்கள். நினைவிலிருந்து எழுதும்போது கை தானாகவே அவற்றைத்தான் எழுதியது. பாடிய பெண்கள் இல்லாமலில்லை. நோட்டீஸில் அவர்கள் "குழுவினர்" ஆகிவிட்டார்கள்.

இரவுக்கு ஒரு சட்டம்

திருப்பூரின் இரவைப் புரிந்துகொள்ள அதன் ஷிப்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 1984-இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது, கான்ட்ராக்ட் முறை பெருகியது, கூடவே பெண்களின் எண்ணிக்கையும் பெருகியது. தாராபுரம் பக்கம் வானம் பார்த்த பூமியை விட்டு எங்கள் குடும்பம் இங்கே லைன் வீட்டுக்கு வந்தது அந்த அலையில்தான். தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று எல்லாப் பக்கத்துப் பேச்சும் ஒரே செக்கிங் மேசையில் கேட்கும்.

ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், அதற்கு மேல் ஃபுல் நைட். கப்பல் தேதி நெருங்கினால் ஃபுல் நைட் வரும். காலையில் போனவர்கள் மறுநாள் காலைதான் வீடு திரும்புவார்கள். இரவு பத்து மணிக்குப் பேட்டா, பரோட்டா, இரண்டு முறை டீ.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆம் பிரிவில், பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் சொல்லி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. ஆக, 1995-இல் நான் பார்த்த ஒவ்வொரு ஃபுல் நைட்டும் சட்டப்படி நடக்கவே கூடாதது. நாங்கள் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதில் இரவு வேலைக்குத் தடையில்லை. விளக்கு வைத்த பிறகு பக்கத்துத் தெருத் தோழி வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொன்ன அதே அப்பா, ஃபுல் நைட் என்றால் "பேட்டா எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார். நாட்டின் சட்டம் எங்கள் இரவைப் பாதுகாப்பின் பெயரால் பூட்டியிருந்தது. வீடு அதைக் கூலிக்காக மட்டும் திறந்தது. இரவு எங்களுக்காக என்று இரண்டிலும் இல்லை.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரணத்தோடு இருந்தாக வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் திரியும் உரிமையே உண்மையான உரிமை என்பது அவர்கள் வாதம். படித்தபோது எனக்கு ஃபுல் நைட்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் காரணத்தின் பெயர் அது.

அந்தச் சனிக்கிழமை

எங்கள் மேசையில் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அறிவொளி இயக்கத்தில் பாடிய பழக்கம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி தமிழ்நாட்டுப் பெண்களைத் தெருவுக்கு அழைத்துவந்தது. புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்துக்கு முன்னால் அங்கே பாட்டு போனது. அந்தப் பாட்டைப் பிசிறு வெட்டிக்கொண்டே அக்கா முணுமுணுப்பார்.

"ஏ புள்ள, சனிக்கிழமை ராத்திரி கலை இரவு இருக்கு. வர்றியா?"

"எங்கப்பா உடமாட்டாருங்க்கா."

"கம்பெனிக்குன்னா விடுவார்ல? ஃபுல் நைட்டுன்னு சொல்லு."

ஐந்து பேர் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சனிக்கிழமை சம்பளக் கவரை வீட்டில் கொடுத்து, தூக்குப்போசியில் சோறு வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போவதுபோலவே செருப்பை மாட்டினேன். ரயில்நிலையப் பக்கம் திரும்பும்வரை யாரும் யாரோடும் பேசவில்லை. திரும்பியதும் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். எதற்கென்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

அந்த மேடையைப் போட்டவர்கள் யார் என்பதை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அன்றைய எல்லா மேடைகளுக்கும் பொதுவானது.

மைதானத்தில் இடதுபக்கம் கயிறு கட்டிப் பெண்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள், தலைகள் தெரியும் தூரம்வரை. குழல் விளக்கு, மூங்கில், தென்னங்கீற்று, புழுதி, சுக்குக்காப்பி. நான் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். சேலையை இழுத்துச் செருகிய பெண்கள் வரிசையாக மேடையேறினார்கள், தோளில் பறை.

பறையை நான் சாவு வீட்டில் மட்டுமே கேட்டிருந்தேன். அடித்தவர்கள் ஆண்கள். அடிக்காமலிருக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. ஊர் கூப்பிட்டால் போயாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை மறுத்து, அதே கருவியை மரியாதையாக்கி எடுத்தது தலித் அரசியல். பெண்கள் அதைத் தோளில் போட்டது அதற்கும் அடுத்த படி. திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எனக்கு அன்று இந்த வரலாறு எதுவும் தெரியாது. முதல் அடி விழுந்தபோது வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. ஆடுகிற பெண்களில் ஒருத்தருக்கு என் அம்மா வயது. கால் அகட்டி நிற்கிறார், குனிகிறார், தலைமுடி அவிழ்கிறது, முடிந்துகொள்ளவில்லை. இத்தனை ஆயிரம் ஆண்கள் பார்க்க ஒரு பெண் தன் உடம்பை ஒளிக்காமல் நிற்க முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து "உக்காரும்மா" என்று குரல் வந்தது. அவர் உட்காரவில்லை.

அதற்கடுத்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. பொண்டாட்டி சமையல், பொண்டாட்டி வாய், பொண்டாட்டி கேட்கும் புடவை. மைதானமே சிரித்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் சிரித்தோம். உலகத்தை மாற்றப் பாடிய அதே மேடை, பத்து நிமிட இடைவெளியில், வீட்டை மாற்ற வேண்டியதில்லை என்று சொன்னது. அதைக் கவனிக்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

உடனே கவனித்தது வேறு. இரண்டு மணிக்கு ஐந்து பேருக்கும் முட்டிக்கொண்டு வந்தது. ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்களுக்கு ஒரு மறைப்புக்கூட இல்லை. பழக்கப்பட்ட பெண்கள் சாயந்திரத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லையாம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தோம். பின்னால் இருவர் விசிலடித்தபடி வந்தார்கள். விளக்கெரிந்த ஒரு திண்ணையில் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்காமலே எழுந்தார்.

"அம்முணிகளா, உள்ள வாங்கொ. ஒவ்வொருத்தரா போய்ட்டு வாங்கொ."

திரும்பும்போது, "நீங்க வரலீங்களா ஆத்தா?" என்றேன்.

"எம் மவன் போயிருக்கான் கண்ணு. எனக்கு இங்கிருந்தே கேக்குதே."

இரண்டு தெருத் தள்ளி நடக்கும் கூட்டத்துக்கு அவர் திண்ணையிலிருந்து வந்திருந்தார். கணக்கெடுத்தால் எந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையிலும் சேராத பார்வையாளர்.

கவரில் இல்லாத பணம்

அடுத்த சனிக்கிழமை அப்பா கவரைப் பிரித்து இரண்டு முறை எண்ணினார். ஃபுல் நைட் பணம் எங்கே என்றார். அடுத்த வாரம் சேர்த்துத் தருவார்கள் என்றேன். நாற்பத்தைந்து ரூபாய். தேனி அக்காவிடம் வாங்கி வீட்டில் கொடுத்தேன். டீக்காசில் மிச்சம் பிடித்து வாரம் ஐந்து ரூபாயாக ஒன்பது வாரத்தில் அக்காவுக்குத் திருப்பினேன். அனுமதி இலவசமான கலை இரவுக்கு நான் கொடுத்த டிக்கெட் அது.

எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. எங்களில் ஒருத்தியை மைதானத்தில் பார்த்த உறவினர் வீட்டில் சொல்லிவிட்டார். அவளைக் கம்பெனியிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் கல்யாணம். பாட்டுக் கேட்டதற்கு அது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, பத்திரிகையில் சுபமுகூர்த்தம் என்றுதான் இருந்தது. கலை இரவின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்தக் கல்யாணத்தையும் அதில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

செட்டிபாளையத்துச் சாமியாரும் அமெரிக்க மைதானமும்

மகள் உட்ஸ்டாக் பற்றிச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "பெண்களுக்குக் கழிப்பறை இருந்ததா?" அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

1969 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை, நியூயார்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் நடந்தது உட்ஸ்டாக். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வியட்நாம் போரை வெறுத்த தலைமுறை அது. மழையும் சேறும் பசியும் எல்லோரும் அறிந்த கதை. நம் பக்கத்தவர் பலரும் அறியாதது ஒன்று உண்டு. அந்த விழாவின் தொடக்க உரையை ஆற்றியவர் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. கொங்கு மண்ணிலிருந்து ஒரு ஆண் அந்த மேடைவரை போக முடிந்தது. 1991-இல் அவருடைய பெண் சீடர்கள் சிலர் அவர்மீது பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டு வைத்ததையும், அவர் மறுத்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடத்திய நால்வரும் ஆண்கள். முதல் இரவின் முடிவில், நள்ளிரவு தாண்டிப் பாடியவர் ஜோன் பயஸ். ஆறு மாதக் கர்ப்பிணி. கணவர் போருக்குப் போக மறுத்துச் சிறையில் இருந்தார். ஜானிஸ் ஜாப்லினும் பாடினார். ஆனால் அந்த விழாவின் புகழ்பெற்ற பாடலை எழுதிய ஜோனி மிட்செல் அங்கே போகவே இல்லை. மறுநாள் தொலைக்காட்சி நிகழ்ச்சி தவறிவிடும் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். போகாமலே, கேள்விப்பட்டதை வைத்து எழுதினார். எனக்குத் திண்ணை ஆத்தா நினைவுக்கு வந்தார்.

உட்ஸ்டாக் பெயரிலேயே 1999-இல் நடந்த விழாவில் பெண்கள்மீது பாலியல் வன்முறைகள் நடந்ததாகப் புகார்கள் வந்தன. அன்பும் அமைதியும் என்ற முழக்கத்தால் மட்டும் ஒரு மைதானம் பெண்ணுக்குப் பாதுகாப்பாகிவிடாது. மிச்சிகனில் 1976 முதல் 2015 வரை பெண்களே நடத்திய விழா இருந்தது. மேடை கட்டுவது, ஒலியமைப்பு, சமையல் எல்லாம் பெண்கள். அங்கும் ஒரு கயிறு இருந்தது. திருநங்கையரை அனுமதிக்க மறுத்தார்கள், அந்தச் சர்ச்சை கடைசிவரை தீரவில்லை. பெண்கள் கட்டிய வேலியும் வேலிதான்.

இன்னும் திறக்காத கதவு

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் கித்தாரும் சேர்ந்து சாதியைப் பற்றிப் பாடின. அந்தப் பெரிய குழுவில் ஒரே ஒரு பெண், இசைவாணி. ஆண்களுடையது என்றிருந்த கானாவைப் பாடினார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மகள் காட்டிய காணொளியில் பார்வையாளர்களுக்கு நடுவே ஆடிய இளம்பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கயிறு இல்லை.

ஆனால் எங்கள் தொழிலில் காலம் முன்னால் மட்டும் போகவில்லை. 2000-க்குப் பிறகு இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, விடுதிக்குள் வைத்தார்கள். எனக்குப் பொய் சொல்லிவிட்டு வெளியே போக ஒரு வீட்டு வாசல் இருந்தது. அந்தப் பெண்களுக்கு வாட்ச்மேன் நிற்கும் கேட். ஊருக்குள் எங்காவது மைக் கேட்டிருக்கும். சுவருக்குள்ளிருந்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று எந்த நோட்டீஸிலும் இல்லை.

கலை இரவுகளின் பழைய படங்கள் சில இப்போது பலரிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேடைதான் தெரிகிறது. கேமரா திரும்பிப் பெண்கள் பக்கம் எடுத்த ஒரு படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அம்மாவிடம், பாட்டியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: இரவில் எந்தக் காரணமும் இல்லாமல் வெளியே இருந்திருக்கிறார்களா, எங்கே, யாரோடு, வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பியதும் என்ன நடந்தது. பதிலை எழுதி வையுங்கள். ஆவணக் காப்பகத்தில் இந்த வரலாறு கிடைக்காது.

என் அப்பா சென்ற ஆண்டு இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அந்த நாற்பத்தைந்து ரூபாய்க் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்" என்றார்.

கயிற்றின் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லிவிட்டுப் போக வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.